முதல் படம் எங்கே?
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



1954-ல் தொடங்கிய நம் மதுரை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள் இன்று எல்லாத் துறையிலும் இருக்கிறோம். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதால் எல்லோருக்கும் பயன்படும் ஒரே விஷயத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

முப்பத்தைந்து வயதில் முதன்முதலாக வலிப்பு கண்டவர் மேலூரிலோ உசிலம்பட்டியிலோ பிராக்டீஸ் செய்யும் நம்மவரிடம்தான் முதலில் வருவார். நம் நாட்டில் காசநோய்க் கட்டியும் நாடாப்புழுக் கட்டியும் சகஜம். கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தினால் அவை பெரும்பாலும் வளையம் போலப் பளிச்சிடும். மெதுவாக வளரும் க்ளையோமா, ஃப்ளேர் படத்தில் வெள்ளையாகப் பரவித் தெரியும். கான்ட்ராஸ்டில் பெரும்பாலும் பளிச்சிடாது. அதற்காக ‘சாதுக் கட்டி’ என்று விட்டுவிடலாமா? சாது மிரண்டால் காடு கொள்ளாது!

சிகிச்சை பெறாத இவ்வகைக் கட்டிகளின் விட்டம் ஆண்டுக்குச் சராசரி 4 மில்லிமீட்டர் கூடுவதை 2003-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் அளந்து வெளியிட்டார்கள். அப்படியானால் ஆறு மாதத்தில் 2 மில்லிமீட்டர். மெஷின் வேறு, கோணம் வேறு என்றால் அது கண்ணில் படாது. முந்தைய படத்தோடு மட்டும் ஒப்பிட்டு ‘மாற்றமில்லை’ என்று ரிப்போர்ட் வரும். இப்படி ஆறு ‘மாற்றமில்லை’ சேர்ந்தால் மூன்று வருடத்தில் 12 மில்லிமீட்டர். 40 மில்லிமீட்டர் கட்டி 52 ஆனால் அதன் கனஅளவு இரண்டு மடங்குக்கும் மேல்! ஆகவே முதல் படத்தோடு ஒப்பிட வேண்டும். ஆபரேஷன் ஆனவருக்கு அதன் பின் எடுத்த முதல் படம்தான் அளவுகோல்.

இன்னொரு பக்கமும் உண்டு. பளிச்சிடாத கட்டியில் புதிதாகப் பளிச்சிட்டால் தீவிரமாகிறதோ என்று சந்தேகப்பட வேண்டியதுதான். ஆனால் கதிர்வீச்சு முடிந்த முதல் சில மாதங்களில் அது கதிர்வீச்சின் விளைவாகவும் இருக்கலாம். உடனே “கட்டி திரும்பிடுச்சு” என்று குடும்பத்தைக் கலங்கடிக்காதீர்கள். கதிர்வீச்சு முடிந்த தேதி, ஸ்டீராய்டு அளவு, ஆள் எப்படி இருக்கிறார் என்பதையெல்லாம் ரேடியாலஜிஸ்டுக்கு எழுதி அனுப்புங்கள். பெர்ஃபியூஷன் ஸ்கேனும், சில வாரம் கழித்து எடுக்கும் மறுபடமும் உண்மையைச் சொல்ல உதவும்.

ஐ.டி.எச். மரபணு மாற்றமுள்ள இரண்டாம் நிலைக் கட்டிகளுக்கு, ஆபரேஷனுக்கோ பயாப்ஸிக்கோ பின் கொடுக்க வோராசிடெனிப் என்ற மாத்திரையை 2024-ல் அமெரிக்கா அனுமதித்தது. செய்வதற்கு வழி பெருகப் பெருக, வளர்ச்சியை நேரத்தோடு கண்டுபிடிப்பதற்கும் மதிப்புக் கூடுகிறது.

“அது பழைய படம்ங்க டாக்டர், வீட்ல எங்கயோ கிடக்கு” என்பார்கள். எடுத்துவரச் சொல்லுங்கள். ஃபிலிமோடு சி.டி.யையும் கேட்டு வாங்கி, நிலப் பத்திரம் போலப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். இதைச் சொல்ல நியூரோசர்ஜன் வேண்டியதில்லை, நாம் யாரும் சொல்லலாம்.