தூ யூயூ கண்ட ஔஷதம்

குளோரோகுயின் என்னும் மருந்துக்கு மலேரியாக் கிருமிகள் வசப்படாமல் தென்கிழக்கு ஆசியாவில் உயிர்களைக் கவர்ந்துவந்த காலத்தில், 1969ஆம் ஆண்டு, பீகிங் நகரத்து ஆராய்ச்சியாளரான தூ யூயூ அம்மையார் சீன அரசின் இரகசியத் திட்டமொன்றில் புதிய ஔஷதம் தேடும் பொறுப்பை ஏற்றார். சிங்ஹாவ் என்னும் மூலிகையின் சத்து ஒரு சமயம் பலன் தந்து மறுசமயம் ஏமாற்ற, ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முன் கோ ஹொங் என்ற வைத்தியர் அம்மூலிகையைக் காய்ச்சாமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்னதை வாசித்து, உஷ்ணமே சத்தைக் கெடுக்கிறதென ஊகித்து, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு பிரித்தெடுத்தார். அதைத் தம் தேகத்திலேயே பரீட்சித்தும் பார்த்தார், எத்தகைய துணிவு! 2015இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. கிருமிகளிடம் எதிர்ப்பு தோன்றாதிருக்க வேறொரு மருந்துடன் சேர்த்தே இந்த ஔஷதத்தை வழங்குமாறு உலக சுகாதார ஸ்தாபனம் வற்புறுத்தியும், கம்போடியாவின் மேற்குப் பகுதியில் கிருமிகள் இதற்கும் மெல்ல மெல்ல ஈடுகொடுக்கக் கற்றுவிட்டன.