மகளின் பங்கும் மாமூலும்

(சிங்கப்பெருமாள் கோவிலில் நடந்த குடும்ப ஆலோசனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சொத்து வழக்குகளில் ‘கஸ்டம் ஆர் யூசேஜ்’ என்று ஓர் ஆங்கிலச் சொற்றொடர் அடிக்கடி வரும். காலங்காலமாக இருந்துவரும் வழக்கம், நடைமுறை என்று பொருள். நம் பத்திர எழுத்தர்கள் ‘மாமூல்’ என்பார்கள். ‘மாமூல் வழிநடை பாத்தியம்’ என்று எழுதுவார்களே, அதுதான். மஃமூல் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. செய்யப்பட்டு வருவது என்று அர்த்தம். இன்று அது கையூட்டுக்குப் பெயராகிவிட்டது வேறு கதை.

சட்டத்தில் எல்லாப் பழக்கமும் கஸ்டம் ஆகிவிடாது. நெடுங்காலமாக, இடைவிடாமல், ஒரே மாதிரி கடைப்பிடித்து வந்திருக்க வேண்டும். அப்படி நிரூபித்துவிட்டால் அதற்குப் பெரும் பலம். 1847இல் பம்பாயில் கோஜா, மேமன் குடும்பத்துப் பெண்கள் குர்ஆன் சொன்ன பங்கைக் கேட்டு வழக்குப் போட்டார்கள். பெண்ணுக்குப் பங்கில்லை என்பதே இவர்கள் வழக்கம் என்று நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

இப்படிப்பட்ட வழக்கங்களுக்கு எதிராகத்தான் 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் வந்தது. மாறான கஸ்டம், யூசேஜ் எது இருந்தாலும் வாரிசுரிமையில் ஷரீஅத்தே செல்லும் என்கிறது அதன் 2ஆம் பிரிவு. விவசாய நிலத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1949இல் திருத்தம் செய்து அந்த விலக்கையும் எடுத்துவிட்டார்கள். ஆக, நம் நஞ்சை புஞ்சைக்கும் இது பொருந்தும்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்தபின், வேர்க்கடலை போட்ட புஞ்சைக்கு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். விற்கப் போகும்போது தங்கையைக் கூப்பிட்டு, “உனக்குத்தான் நகையும் சீரும் போட்டாச்சே, நம்ம வீட்டு வழக்கம் இதுதானேம்மா” என்று கையெழுத்து வாங்குகிறோம். சீர் என்பது அத்தா உயிரோடு இருக்கும்போது கொடுத்த அன்பளிப்பு. பங்கு, அவர் மௌத்துக்குப் பிறகு வரும் உரிமை. ஒன்றை மற்றதில் கழிக்க முடியாது.

கணக்கைப் பாருங்கள். அத்தா 40 சென்ட் விட்டுச் செல்கிறார். அவருடைய பெற்றோர் இல்லை. மனைவி, இரண்டு மகன், ஒரு மகள். கடன், வஸிய்யத் எதுவும் இல்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று, 5 சென்ட். மீதி 35இல் மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7.

அந்த 7 சென்ட்டை அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் கொடுக்கட்டும். விடுதலைப் பத்திரம் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அது எவ்வளவு, இன்று என்ன விலை போகும் என்று முதலில் அவளிடம் சொல்லுங்கள்.

வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போடும்போது கட்டிக்கொடுத்த மகளின் பெயரை விட்டுவிடாதீர்கள். கணக்கில் சந்தேகம் உள்ளவர்கள் ஜும்ஆவுக்குப் பிறகு மூலப்பத்திரத்தோடு வாருங்கள். ஹஜ்ரத்தும் இருப்பார், உட்கார்ந்து பார்ப்போம்.