ஓரியூர் மண்ணும் ஒரு சொட்டு மருந்தும்

"ப்ரோ, கோடு எழுதுற ஆளு நீங்க, அற்புதத்தையெல்லாம் நிஜமாவே நம்புறீங்களா?"ன்னு கேட்டு நிறைய மெசேஜ் வந்திருக்கு. ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில சொல்லத் தெரியல. எங்க அப்பத்தா கதையைச் சொல்றேன்.

எங்களுக்குத் திருவாடானை பக்கம். அதே தாலுகாவுலதான் ஓரியூர் இருக்கு. 1693 பிப்ரவரி 4, விபூதிப் புதன் அன்னிக்கு, புனித அருளானந்தரைத் தலை வெட்டிக் கொன்ற ஊர். நிஜப் பேர் ஜான் டி பிரிட்டோ. 1647-ல லிஸ்பன்ல பிறந்து, இங்கே வந்து காவி கட்டி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு வாழ்ந்த சேசு சபைச் சாமியார். அவர் ரத்தம் பட்டுத்தான் அங்கே மண்ணு செவப்பாச்சுன்னு சனங்க நம்புறாங்க. நோய் நொடின்னா அந்த மண்ணை எடுத்துட்டு வந்து பூசிக்குவாங்க. ஒன்பதாவது படிக்கும்போதே அப்பத்தாகிட்ட அது இரும்பு ஆக்சைடுன்னு விளக்கினேன். "சரிய்யா"ன்னு சொல்லிட்டு மண்ணை முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க.

அருளானந்தர் கதையும் ஒரு குணமாதல்லதான் சூடு பிடிக்குது. தடியத்தேவர்னு ஒரு மறவர் தலைவர் தீராத நோயில கிடந்தார். நற்செய்தி வாசிச்சு செபம் பண்ணதும் எழுந்துட்டார், ஞானஸ்நானம் கேட்டார். அதுக்காக ஒரு மனைவியை மட்டும் வச்சுக்கிட்டு மத்தவங்களை விலக்கினார். விலக்கப்பட்டவங்கள்ல ஒருத்தர் கிழவன் சேதுபதியோட உறவுக்காரப் பொண்ணு. முறையீடு அரண்மனைக்குப் போச்சு. (அந்தப் பொண்ணு பக்கத்து நியாயத்தை எந்தத் திருவிழாப் பிரசங்கத்துலயும் நான் கேட்டதில்லை.) நோயாளி பிழைச்சார், சாமியார் செத்தார். சாவுக்கு முந்தின நாள்கூட சிறையிலிருந்து கடிதம் எழுதியிருக்கார். அவரைக் காப்பாத்த எந்த அற்புதமும் வரல. சின்ன வயசுலேருந்தே எனக்கு உறுத்துற இடம் இதுதான்.

மூணு வருஷம் முன்னாடி அப்பத்தாவுக்கு கிளாக்கோமான்னு கண்டுபிடிச்சாங்க. கண்ணுல பிரஷர் ஏறி நரம்பு கெட்டுப்போறது. போன பார்வை திரும்பி வராது. சொட்டு மருந்தைத் தவறாம விட்டா மிச்சத்தைக் காப்பாத்தலாம். இடது கண் ஏற்கெனவே போயிருந்தது. நான் சென்னையிலிருந்து மருந்துக்குப் பணம் போட்டேன், அப்பத்தா போன்ல அலாரம் வச்சுக் கொடுத்தேன். கடமை முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

போன பொங்கலுக்குப் போனப்ப மருந்து பாட்டில் பக்கத்துல அந்தச் செம்மண் பொட்டலம். வந்ததே கோபம். "இதைக் கண்ணுல போடுறீங்களா?"ன்னு கத்திட்டு, எடுத்து வெளியே வீசிட்டேன். அப்பத்தா ஒண்ணும் பேசல.

ராத்திரி எட்டு மணிக்கு அலாரம் அடிச்சுது. பக்கத்து வீட்டு அக்கா உள்ளே வந்தாங்க. கை கழுவினாங்க. அப்பத்தா தலையைச் சாய்ச்சு, கீழ் இமையை இழுத்து, ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு. காலையிலயும் இதே. ரெண்டு வருஷமா ஒரு வேளை தப்பலையாம். ஊருக்குப் போனா மகளை அனுப்புவாங்களாம். இத்தனைக்கும் சொந்தம்கூட இல்லை. கை நடுக்கத்துல அப்பத்தாவால தானே விட்டுக்க முடியாதுங்கிறதே எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. அலாரம் அடிச்சா யார் மருந்து விடுவாங்கன்னு நான் யோசிக்கவே இல்லை.

அப்புறம் மெதுவா கேட்டேன், "ஓரியூர்ல கண்ணு கேட்டீங்களா?"

"போனது போச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரே. அதையா கேப்பேன்? ஒரு ஆளு கேட்டேன். அடுத்த மாசம் இந்தப் புள்ள பக்கத்து வீட்டுக்குக் குடி வந்துச்சு." மண்ணை நெத்தியில மட்டும்தான் வைப்பாங்களாம்.

அந்த வீட்டுக்கு யாராவது வாடகைக்கு வந்துதான் இருப்பாங்க, தெரியும். ஆனா வந்தவங்க இப்படி ஒரு ஆளா இருந்ததுக்கு என்கிட்ட லாஜிக் இல்லை. மறுநாள் ஓரியூர் போய் நானே ஒரு பொட்டலம் மண்ணு எடுத்துட்டு வந்தேன். ராத்திரி மருந்தையும் நானே விடுறேன்னேன். முதல் சொட்டு கன்னத்துல, ரெண்டாவது மூக்குல.

அப்பத்தா கண்ணை மூடிக்கிட்டே சொன்னாங்க: "மருந்த வீணாக்காதய்யா. அந்தப் புள்ளையக் கூப்பிடு."