இல்லாதவனுக்கு எதற்கு வாரண்ட்?



போன வாரம் நம் தெருவில் நடந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தறிக்குழியில் மிதித்துக்கொண்டிருந்த மனிதரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார் கோர்ட் அமீனா. பாதிச் சேலையில் நாடா நிற்கிறது. திருடினாரா? யாரையாவது அடித்தாரா? நூல் வாங்கிய கடன், டிக்ரி ஆனது, கட்ட வழியில்லை. அதற்குச் சிவில் சிறை!

"உள்ளே போட்டால் பணம் தானாக வெளியே வரும்" என்கிறார் கடன் கொடுத்தவர். எங்கிருந்து வரும் ஐயா? அவர் போட்ட அபிடவிட்டை வாங்கிப் படித்தேன். "எதிர்மனுதாரர் வசதியுள்ளவர்" என்று ஒரே ஒரு வரி. என்ன வசதி? வீடா, நிலமா, பாங்கில் பணமா? ஒன்றும் எழுதவில்லை.

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 51ஆவது பிரிவு என்ன சொல்கிறது? தப்பி ஓடப் பார்க்கிறான், சொத்தை மோசடியாகக் கைமாற்றினான், கையில் இருந்தும் கொடுக்க மறுக்கிறான் என்று ஏதாவது ஒன்று நிரூபணமாக வேண்டும். கடனாளியின் பேச்சைக் கேட்டு, காரணத்தை எழுத்தில் பதிந்த பிறகுதான் சிறை. 1936இல், வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே வந்த பாதுகாப்பு இது. நம் நெசவாளிக்கு அந்த விசாரணை நடந்ததா? இல்லை!

1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கு. பாங்க் ஆஃப் கொச்சின் அவர்மீது வாங்கியது இரண்டரை லட்சம் ரூபாய்க்கு டிக்ரி. வாரண்டும் வந்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் என்ன கேட்டார்? இன்றைக்குக் கட்டும் சக்தி இருக்கிறதா என்று விசாரித்தீர்களா? விசாரிக்கவில்லை. உத்தரவு ரத்து! வறுமை குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் தாலுகாவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

இன்னொன்று கேளுங்கள் தாய்மார்களே! பணக் கடன் டிக்ரிக்குப் பெண்களைக் கைது செய்யவே கூடாது. 60ஆவது பிரிவுப்படி தாலியை ஜப்தி செய்ய முடியாது, கைத்தொழிலாளியின் கருவியையும் தொட முடியாது. தொடக்கூடாத அந்தத் தறியையும் தாலியையும் நாமே கொண்டுபோய் விற்கும்படி கடன் கொடுத்தவன் சிறையைக் காட்டி மிரட்டுகிறான். பட்டப்பகல் பறிப்பு இது!

"சட்டம் தன் கடமையைச் செய்யும்" என்று எதிர் மேடையில் ஒரு அண்ணன் முழங்கினார். போன மாநாட்டுப் பந்தல்காரருக்கு அவர் வைத்த பாக்கி இன்னும் அப்படியே இருக்கிறது. அவர் வீட்டுக்கு எந்த அமீனா போனார்? கையில் வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறவனைப் பிடியுங்கள், வீட்டை நானே காட்டுகிறேன். இல்லாதவனை ஏன் பிடிக்கிறீர்கள்? மூன்று மாதம் உள்ளே கிடந்து வந்தாலும் கடன் அப்படியேதான் நிற்கும். அதுவும் சட்டம்தான்!

நோட்டீஸ் வந்தால் பயந்து ஒளியாதீர்கள். தேதியன்று ஆஜராகுங்கள். ரேஷன் கார்டு, பாஸ்புக், கூலிச்சீட்டு எல்லாம் எடுத்துப் போங்கள். வக்கீலுக்குப் பணமில்லையா? கோர்ட் வளாகத்திலேயே இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்கு நம் நெசவாளிக்காக மனுப் போடுகிறோம். தறியை நிறுத்திவிட்டு எல்லோரும் கோர்ட்டுக்கு வாருங்கள்!