முதல் படியை உடைத்துவிடாதீர்கள்!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



1980களில் வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, வேலை பறிபோகும் என்று ஊழியர் சங்கங்கள் போராடின. பிறகு அந்தக் கம்ப்யூட்டரே எத்தனையோ பேருக்குச் சோறு போட்டது. "அப்போதும் இப்படித்தான் பயமுறுத்தினார்கள், செயற்கை நுண்ணறிவுக்கு மட்டும் ஏன் பயப்பட வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். அன்று வந்த கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார ஒரு ஆள் தேவைப்பட்டது. படித்துவிட்டு வந்த நம் பிள்ளை டைப் அடித்தான், கணக்கைப் பதிந்தான், வேலைக்குள் நுழைந்தான். இன்று வந்திருக்கும் ஏ.ஐ. அந்த நாற்காலியிலேயே உட்காருகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து கடிதம் எழுதுவது, மொழிபெயர்ப்பது, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது, சிறிய புரோகிராம் எழுதுவது எல்லாம் இயந்திரத்தின் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இவையெல்லாம் யார் செய்த வேலைகள்? புதிதாகச் சேர்ந்தவர் செய்த வேலைகள்!

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சம்பளப் பதிவேடுகளை ஆராய்ந்து 2025 ஆகஸ்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஏ.ஐ. அதிகம் நுழைந்த தொழில்களில் 22 முதல் 25 வயதுள்ளோரின் வேலைவாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிடும்போது 13 சதவீதம் குறைந்திருக்கிறது. அதே தொழில்களில் அனுபவசாலிகளுக்குப் பாதிப்பில்லை. இது அமெரிக்கக் கணக்கு. வேறு காரணங்களைச் சொல்பவர்களும் உண்டு. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று புரிந்துகொள்ள இது போதும்.

அனுபவசாலி ஏன் தப்பித்தார்? புத்தகத்தில் இருப்பது இயந்திரத்துக்குத் தெரியும். எந்தச் சரக்கு திரும்பி வரும், யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பது புத்தகத்தில் இல்லை. அதை அவர் எங்கே கற்றார்? மூட்டை பிரித்து, சிட்டை எழுதி, தப்பாகக் கூட்டித் திட்டு வாங்கிக் கற்றார். அந்தச் சின்ன வேலைகளை எல்லாம் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால், பத்து வருடம் கழித்து அனுபவசாலிக்கு எங்கே போவீர்கள்?

வணிகப் பெருமக்களே! ஏ.ஐ. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. ஏ.ஐ. துணையோடு வேலை செய்தபோது சராசரியாக 14 சதவீதம் கூடுதலாகப் பிரச்சினைகளைத் தீர்த்தார்கள். புதியவர்களோ 34 சதவீதம் முன்னேறினார்கள்! ஆக, பையனை அனுப்பிவிட்டு இயந்திரத்தை வைப்பது ஒரு வழி. பையனை இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார வைப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுங்கள். இயந்திரம் போட்ட கணக்கை அவன் சரிபார்க்கட்டும்; கொள்முதலுக்குப் போகும்போது அவனையும் அழைத்துச் செல்லுங்கள். உங்களுக்கு ஒருவர் கற்றுக்கொடுத்த தொழில் உங்களிடம் உள்ள அமானிதம்.

இளைஞர்களே! விடையை இயந்திரத்திடம் கேட்கும் முன் நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். பிறகு அது தருவதோடு ஒப்பிட்டு, எங்கே தப்பு என்று கண்டுபிடியுங்கள். தப்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் நாளை சம்பளம். கேட்டதை அப்படியே நகல் எடுத்துக் கொடுப்பவனுக்கு முதலாளி எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

இதில் நம் சமுதாயத்துக்குத் தனிக் கவலை உண்டு. நம்மில் மாதச் சம்பள வேலையில் இருப்போர் குறைவு என்பதை 2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கையே எடுத்துச் சொன்னது. 2007இல் தமிழகத்தில் கிடைத்த 3.5 சதவீத இடஒதுக்கீடு நம் பிள்ளைகளுக்குக் கல்லூரியிலும் அரசுப் பணியிலும் வாசலைத் திறந்தது. தனியார் நிறுவனத்தில் அந்த ஒதுக்கீடு இல்லை. சிபாரிசு செய்ய மாமா, மச்சான் இல்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்தச் சிறிய முதல் வேலைதான் ஒரே ஏணி.

எனவே ஒரு கோரிக்கையை நாம் உரக்க எழுப்ப வேண்டும். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும் என்று 2019இல் விதி திருத்தப்பட்டது. உங்கள் ஊரில் எத்தனை நிறுவனங்கள் இதைச் செய்கின்றன? மனுப்போட்டுக் கேளுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தாத சிறு கடைக்காரர்களும் ஆளுக்கு ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேலே ஏறி வந்தவர்கள் ஏணியை எடுத்துவிடாதீர்கள். இதுவே என் வேண்டுகோள்.