பந்துத் திடலில் நாம் படித்தவை
(பழைய மாணவிகள் சங்கத்தின் கனடாக் கிளை ஒன்றுகூடலில் இருவர் இணைந்து ஆற்றிய உரை)



"வலைப்பந்து விளையாடின பிள்ளையள் எப்படி கோல்ஃபுக்குப் போனீங்கள்?" என்று பலரும் எம்மைக் கேட்பதுண்டு. கல்லூரிச் சுற்றுலாவில், 1889இல் தொடங்கிய நுவரெலியா கோல்ஃப் கழகத்தின் புல்வெளியை வீதியோரம் நின்று பார்த்தோம். அந்த ஆட்டத்தோடு எமக்கிருந்த உறவு அவ்வளவுதான்.

ரொறன்ரோவில் கணக்கெழுதும் வேலையில் இருந்தபோதுதான் ஒரு பயிற்சித் திடலின் வரவு செலவு எம் கைக்கு வந்தது. 18 குழி மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். பயிற்சித் திடலுக்கோ 300 யார் நீளமான வயல் போதும். ஆளுக்குப் பத்தடி அகல இடம், ஒரு விரிப்பு, ஒரு வாளி பந்து. அடித்த பந்தைத் திரட்டிக் கழுவி மீண்டும் விற்கலாம். இருவரும் வீடுகளை ஈடுவைத்துக் குத்தகைக்கு நிலம் எடுத்தோம்.

முதற் பிழை திசையில் நேர்ந்தது. எமது திடல் மேற்குப் பார்த்தது. வேலை முடித்து வருபவர்களின் கண்ணில் மாலை வெயில் நேரே அடித்தது. பந்து போன இடம் தெரியவில்லை. வந்தவர்கள் திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் கடன்பட்டு, அடிக்கும் மேடையை வடக்குப் பார்க்க மாற்றினோம்.

இரண்டாவது பிழை விளம்பரத்தில். ஏற்கெனவே ஆடுபவர்களுக்கே துண்டுப்பிரசுரம் கொடுத்தோம். அவர்களுக்கு வழமையான இடங்கள் இருந்தன. பிறகுதான் எம்மைப் போன்றவர்களை நினைத்தோம். புதன் மாலைகளில் பெண்களுக்கு முதல் வாளி இலவசம், மட்டை இரவல், பயிற்றுநர் ஒருவர் பக்கத்தில். பிள்ளைகளை நீச்சலுக்கு விட்டுவிட்டு வாகனத்தில் காத்திருந்த தாய்மார் வந்தார்கள். ஒருவர் மற்றவரை அழைத்து வந்தார். காசு கொடுத்துச் செய்த எந்த விளம்பரமும் அப்படி ஆட்களைக் கொண்டுவரவில்லை.

ஆயினும் பனிக்காலத்தில் திடல் மூடியிருக்கும். குத்தகையும் காப்புறுதியும் மூடுவதில்லை. முதற் பனிக்காலத்தில் எம்மில் ஒருவர் விலகவே தீர்மானித்தார். மற்றவர் கோபிக்கவில்லை; கணக்குப் புத்தகத்தை மேசையில் விரித்து, "சித்திரை வரைக்கும் பார்ப்பம்" என்றார். அன்றிலிருந்து ஏழு மாத வருமானத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தே செலவு செய்கிறோம்.

தங்கைமாரே, தொழில் தொடங்க விரும்பினால் மூன்றைச் செய்யுங்கள். நிலத்தை மாலையில் போய்ப் பாருங்கள். வருமானமில்லாத மாதங்களை முதலில் எண்ணுங்கள். இதுவரை யாரும் அழைக்காதவர்களை அழையுங்கள்.

கடன் இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் புதன் மாலைகளில் இடம் கிடைப்பதில்லை. நீங்கள் வந்தால் ஒரு வாளி எடுத்து வைப்போம்.