சாமரம் வீசிய பிள்ளை எப்போது பேசுவாள்?

(பள்ளி மேடைக்கு ஏற்ற ஓரங்க நாடகம் எது என்ற தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் சிங்கப்பூர்த் தமிழாசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



சற்று முன் பேசிய நண்பர், பள்ளிக்கு அரச நாடகமே ஏற்றது, அதில்தான் நல்ல தமிழ் இருக்கிறது என்றார். நீண்ட வசனத்தை மனப்பாடம் செய்தால் ழகரம் திருந்தும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எத்தனை பேருக்குத் திருந்தும்? அரசனுக்கும் புலவருக்கும் திருந்தும். மற்றவர்களுக்கு?

நானும் ஓர் ஆண்டு அப்படி ஒரு நாடகத்தைத்தான் எடுத்தேன். பதினாறு பிள்ளைகள். வசனம் இருவருக்கு. மற்றவர்கள் வேல் பிடித்தார்கள், தட்டு ஏந்தினார்கள். ஒரு சிறுமி இருபது நிமிடம் சாமரம் வீசினாள். பரிசும் கிடைத்தது. நாடகம் முடிந்ததும் அவளுடைய பாட்டி என்னிடம் வந்து, "டீச்சர், நாடகம் நல்லாருந்துச்சு. என் பேத்தி எப்ப பேசுவா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அடுத்த காட்சி ஒன்று இருக்கிறது என்று நினைத்துக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மறு ஆண்டு அந்தப் பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஒரு நாடகம் கைக்கு வந்தால் நான் கதையைப் படிப்பதற்கு முன் வசனங்களை எண்ணுகிறேன். யார் எத்தனை முறை பேசுகிறார்கள் என்று பெயர்களுக்கு எதிரே கோடு போடுவேன். ஒரு பெயருக்கு எதிரே மட்டும் கோடுகள் குவிந்தால் அந்த நாடகம் எனக்கு வேண்டாம். எவ்வளவு உயர்ந்த நாடகமானாலும் சரி. குவோ பாவ் குன் எழுதிய சவப்பெட்டி நாடகம் நம் நாட்டின் பெருமை. தாத்தாவின் பெரிய சவப்பெட்டி சிறிய குழிக்குள் இறங்காத கதை. ஆனால் அது ஒருவரே பேசும் நாடகம். செக்கோவின் 'பெண் கேட்டல்' நாடகத்தில் மூன்றே பாத்திரங்கள்; மூவரும் சண்டை போட்டே சிரிக்க வைப்பார்கள். மூன்று பிள்ளைகள் உள்ள குழுவுக்கு அதைவிட நல்லது கிடைக்காது. பதினாறு பேருக்கு என்ன செய்வது?

எனக்குக் கைகொடுத்தது அயர்லாந்து நாடகம் ஒன்று. லேடி கிரெகரி எழுதியது. 1904 டிசம்பர் 27ஆம் தேதி டப்ளினில் அபே அரங்கம் திறந்த இரவில் மேடையேறியது. ஒரே காட்சி, ஒரு சந்தை, ஆப்பிள் விற்கும் காது கேளாத கிழவி. ஒருவர் மறந்துவிட்டுப் போன வைக்கோல் கவையைத் திருப்பிக் கொடுக்க இன்னொருவர் பின்னால் ஓடுகிறார். அவ்வளவுதான் நடந்தது. அது வாய்க்கு வாய் மாறி, கவையால் குத்திக் கொன்றுவிட்டார் என்று ஆகிறது. வேலியில் துணி உலர்த்துகிறாள் என்ற செய்தி, பிணத்துக்குத் துணி விரிக்கிறாள் என்று காதில் விழுகிறது. செத்ததாகச் சொல்லப்பட்டவரே நேரில் வந்து நின்றாலும் அதிகாரி நம்ப மறுக்கிறார்! பாத்திரங்கள் பத்து. வதந்தி பரப்பும் கூட்டத்தில் இன்னும் ஆறு பேரைச் சேர்ப்பது எளிது. ஒவ்வொருவருக்கும் ஒரு பொய்யாவது சொல்லக் கிடைக்கும்.

நாங்கள் சந்தையைத் தேக்காவுக்குக் கொண்டுவந்தோம். கிழவி வெற்றிலை விற்றாள். கவை, தேங்காய் உரிக்கும் இரும்பாக மாறியது. வசனத்தைப் பிள்ளைகளே பேசிப் பார்த்து எழுதினார்கள். எனக்கு வேலை பாதியாகக் குறைந்தது. வீட்டில் ஆங்கிலமே பேசும் ஒரு பையன், "நான் கண்ணால பாத்தேன்" என்ற ஒரே வரியை ஒத்திகையில் ஒன்பது விதமாகச் சொன்னான். பார்க்கவே இல்லாதவன் அதைச் சொல்வதுதான் வேடிக்கை என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வே பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் கேட்டது. மேடையில் மட்டும் அதற்கு ஏன் தடை?

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள்வரை பதிப்புரிமை உண்டு. லேடி கிரெகரி 1932இல் மறைந்தார், செக்கோவ் 1904இல். அவர்களின் மூல நாடகங்களை நாமே தமிழாக்கலாம். வேறொருவர் செய்த மொழிபெயர்ப்பை எடுத்தால் அவரைக் கேட்க வேண்டும். குவோ பாவ் குன் 2002இல்தான் மறைந்தார். அவர் நாடகங்களுக்கு அனுமதி கட்டாயம். பள்ளிதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் மணியைத் தொடுகிறார். அரச நாடகமே வேண்டும் என்பவர்களுக்கு ஒரு செய்தி: அட்டைக் கிரீடம் இரண்டும் பன்னிரண்டு வேல்களும் என் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். சாமரத்தை மட்டும் தரமாட்டேன்.